பளபளக்கும் தரையை விடுங்கள், படுக்கையைப் பாருங்கள்

அப்பாவையோ அம்மாவையோ சேர்ப்பதற்காக முதியோர் இல்லம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் வழக்கமாகச் சொல்வது: "இடம் கண்ணாடி மாதிரி இருக்கு டாக்டர். உள்ளே போனாலே பினாயில் வாசனைதான்." முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்த வாசனைதான் உறுத்தும். நன்றாக நடக்கிற இல்லத்தில் பெரிதாக எந்த வாசனையும் இருக்காது. நாள் முழுக்க நெடி தூக்கலாக அடித்தால், மூத்திர நாற்றத்தை அமுக்கப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். மெத்தை ஊறிப்போயிருந்தால் தரையை எத்தனை தடவை துடைத்தும் பயனில்லை.

விரிப்புக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். வயதானவர்களின் தோல் மெல்லியது. ஈரத்தில் ஊறினால் சீக்கிரம் உரிந்துவிடும். அதோடு ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்களில் படுக்கைப்புண் வரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கை. சுவருக்குச் சுவர் சானிட்டைசர் மாட்டியிருப்பார்கள், நல்லதுதான். ஆனால் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு அது அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவினால்தான் உண்டு. டயப்பர் மாற்றிய கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போகும் பணியாளரை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "கையுறை போட்டிருக்கேனே சார்" என்பார். அந்தக் கையுறை அவரைத்தான் காப்பாற்றும், அடுத்த கட்டிலில் இருப்பவரை அல்ல.

சுத்தமும் சௌகரியமும் தனித்தனி விஷயம் என்று நினைக்கிறோம். ஒரு பாட்டி தண்ணீரே குடிக்க மாட்டார். "குடிச்சா போகணும். போகணும்னா யாரையாவது கூப்பிடணும். எதுக்குப்பா?" என்றார். கழிவறை தள்ளி இருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, ராத்திரி விளக்கும் மங்கல். வயதானால் தாக உணர்வே குறைந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அப்புறம் திடீர்க் குழப்பம். "அம்மாவுக்கு மறதி நோய் வந்துடுச்சு" என்று வீட்டார் பதறி வருவார்கள். கைப்பிடி, வழுக்காத தரை, கட்டிலிலிருந்து பார்த்தாலே தெரியும் கழிவறைக் கதவு, கால் தரையில் படும் உயரத்தில் கட்டில் என்று இந்த ஏற்பாடுகள் இருந்தால் பாதிப் பிரச்சினை வராமலே போகும்.

வாயை யாரும் பார்ப்பதே இல்லை. பல்செட்டைக் கழற்றாமலே தூங்கவைத்துவிடுகிறார்கள். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். இரவில் பல்செட்டைக் கழற்றித் தேய்த்து, பெயர் எழுதிய டப்பாவில் தண்ணீரில் போட்டு வைக்கிறார்களா என்று கேளுங்கள்.

இரவில் சொறிந்துகொண்டே இருந்தால் "வயசான தோல், வறட்சி" என்று எண்ணெய் தடவிவிட்டு விடாதீர்கள். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். ஒருவருக்கு வந்தால் கூட இருப்பவர்களுக்கும், பார்த்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும்.

இதையெல்லாம் பணியாளரின் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆள் போதாத இடத்தில் எத்தனை நல்ல மனம் இருந்தாலும் விரிப்பு ஈரமாகத்தான் கிடக்கும். அதனால் சேர்க்கும் முன் நிர்வாகியிடம், ராத்திரி வேலையில் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், இருட்டிய பிறகு ஒருநாள் சொல்லாமல் போய், அனுமதி வாங்கி ஒரு கட்டிலின் அழைப்பு மணியை அழுத்திப் பாருங்கள். ஆள் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.