ஆலிவ் உலுக்கும் மெஷின்: எந்தக் கையில் அளந்தீர்கள்?

தெற்கு இத்தாலியின் பூலியாவில் ஒரு ஆலிவ் தோட்டத்துக்கு நவம்பரில் அதிர்வு அளக்கப் போயிருந்தேன். பல வருஷமாக மெஷின் பிடிக்கும் ஒருவர், காலையில் சட்டைப் பொத்தான் போட விரல் வளைவதில்லை, எல்லாம் குளிர்தான் என்றார். விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகுமா என்று கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். குளிர் மட்டும் இல்லை, அது மெஷினின் அதிர்வு விரலில் செய்யும் வேலை.

அவர் பிடிப்பது நீளக் கம்பு ஒன்று. அதன் உச்சியில் சீப்புப் பல் மாதிரி கார்பன் ஃபைபர் குச்சிகள், பேட்டரியில் ஓடுவது. இத்தாலியில் அப்பாக்கியாத்தோரே என்பார்கள். நாம் புளியமரம் உலுக்குகிற வேலைதான், ஆனால் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல். நிமிடத்துக்கு 1,200 அடி என்றால் 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 தடவை. கை அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 5349 தரம் ஏறக்குறைய 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைத்தான் முழுசாகக் கணக்கில் எடுக்கிறது, அதற்கு மேலே போகப் போகக் குறைத்துக்கொண்டே வரும். இந்த மெஷினின் அடி அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது. அதனால் பார்க்க லேசான சாமான் என்று நம்பிவிட முடியாது.

முதலாளி பெட்டிக்குள் இருந்த கையேட்டைக் காட்டினார். ஐரோப்பாவில் கைக்கு வரும் அதிர்வு 2.5 மீ/வி²-க்கு (அதிர்வின் முடுக்கத்தைச் சொல்லும் அலகு) மேல் போனால் தயாரிப்பாளர் அந்த எண்ணைக் கையேட்டில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லியும் இருந்தார்கள். ஆனால் அது வகுக்கப்பட்ட ஒரு சோதனை முறையில் புது மெஷினில் எடுத்த எண். குச்சி ஒன்று உடைந்து, இணைப்பு தளர்ந்து, கிளைக்குள் மாட்டி இழுபடும் மெஷினின் எண் அது இல்லை. கடையில் மெஷின்களை ஒப்பிட்டு வாங்க அது உதவும், வேலையாளின் கையைக் கணக்குப் போட உதவாது.

சரி, அளப்பது எப்படி? மூன்று திசையிலும் அளக்கும் சென்சாரைக் கைப்பிடியில், விரல்கள் சுற்றும் இடத்துக்கு ஒட்டி, இறுக்கமாகக் கட்ட வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் நீங்கள் அளப்பது சென்சாரின் ஆட்டத்தைத்தான். குறைந்தது மூன்று தடவை, மொத்தம் ஒரு நிமிடமாவது, உண்மையான மரத்தில் அளக்க வேண்டும். முக்கியமாக இரண்டு கையிலும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சுவிட்ச் இருக்கும் பக்கம் பின்னால் பிடிக்கும் கையில் (பின்கை) சென்சார் கட்டுவது சுலபம், முன்னால் பிடிக்கும் கையோ (முன்கை) கம்பில் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அதை விட்டுவிடுகிறார்கள். அன்று பின்கையில் சுமார் 8 மீ/வி² வந்தது, முன்கையில் 12.

அடுத்தது நேரம். "எட்டு மணி நேரம் மெஷின்தான்" என்றார் அந்த வேலையாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பொய் இல்லை, உடம்புக்கு அப்படித்தான் தோன்றும். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வலை விரிப்பது, காய் வாருவது, பேட்டரி மாற்றுவது, பேச்சு எல்லாம் போக மெஷின் ஓடியது மூன்று மணி நேரம். அதை எட்டு மணி நேர அளவுக்கு மாற்ற, 3-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து அளவீட்டோடு பெருக்குங்கள். பின்கை 4.9, முன்கை 7.3.

ஐரோப்பிய உத்தரவு 2002/44-உம் அதை ஒட்டிய இத்தாலியின் 81/2008 சட்டமும் வைத்திருக்கும் நாள் வரம்பு 5 மீ/வி². பின்கையை மட்டும் அளந்திருந்தால் நூலிழையில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்! முன்கையின் 12-க்கு வரம்பை எட்ட 83 நிமிடம் போதும். முதலாளி நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டிய 2.5-ஐ எட்ட 21 நிமிடமே போதும்.

இன்னொன்று. இப்போது பச்சைக் காயிலேயே பறித்துப் பிழிந்த எண்ணெய்க்கு மவுசு அதிகம். பச்சைக் காய் காம்பை லேசில் விடாது, ஒவ்வொரு கிளையையும் கூடுதல் நேரம் அடிக்க வேண்டும். அந்தக் காரமான எண்ணெயின் விலையில் ஒரு பங்கை யாரோ ஒருவரின் விரல் கட்டுகிறது என்பது என் எரிச்சல்.

கையுறை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அதிர்வு தடுக்கும் கையுறை 20 ஹெர்ட்ஸில் பெரிதாக எதையும் தடுக்காது. ஆனால் கையைச் சூடாக வைக்கும், அதற்காகப் போடுங்கள். குளிரும் சிகரெட்டும் ரத்தக் குழாயைச் சுருக்கி நிலைமையை மோசமாக்கும். உண்மையில் வேலை செய்வது ஆள் மாற்றுவதுதான்: ஒருவர் அடிக்க, ஒருவர் வலை பார்க்க, ஒரு மணி நேரத்துக்குள் ஆள் மாற வேண்டும், நாள் மொத்தம் ஒரு ஆளுக்கு 83 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம் உடைந்த குச்சியை அன்றைக்கே மாற்றுவது. இரண்டு சீப்பும் எதிரெதிராக ஆடும் மாடலில் அதிர்வு ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும், அடுத்து வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

அதிர்வால் விரல் வெளுப்பதை இத்தாலி மருத்துவர் ஜியோவன்னி லோரிகா 1911-லேயே எழுதிவிட்டார், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களைப் பார்த்து. அதனால் டாக்டரிடம் போனால் குளிரில் விரல் மரத்துப் போகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த மெஷின், எத்தனை சீசன், எந்த விரல் முதலில் வெளுத்தது, ராத்திரி கை மரத்து விழிப்பு வருகிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெளுத்திருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து கை சூடானதும் நிறம் திரும்பிவிடும், டாக்டருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.