கடலடியில் கதை நிகழ்த்துவது ஏன் கடினம்?

தெமாசெக்கின், அதாவது பழைய சிங்கப்பூரின், பழங்கதைகளைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் நூலில், சோழரை நினைவூட்டும் பெயர் கொண்ட ராஜா சூலான் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்குகிறார். அங்கே ஓர் அரசரைச் சந்திக்கிறார். அவருடைய மகளை மணக்கிறார். மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையாகிறார். நிலத்தில் நடக்கும் வாழ்க்கை அப்படியே கடலுக்குள்ளும் நடக்கிறது. இன்றைய புனைகதைகளும் கணினி விளையாட்டுகளும் பெரும்பாலும் இதையே செய்கின்றன: காற்று நிரம்பிய நகரத்தையோ நீர்மூழ்கிக் கப்பலையோ அமைத்துக்கொள்கின்றன, அல்லது சற்று நேரம் நீந்தவிட்டுக் கரையேற்றிவிடுகின்றன. இதைக் கற்பனை வறட்சி என்று ஒதுக்கிவிட முடியாது. கதை சொல்பவர் நம்பியிருக்கும் கருவிகள் ஒவ்வொன்றையும் தண்ணீர் பறித்துக்கொள்கிறது.

முதலில் பறிபோவது பார்வை. நம் கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, காற்றும் கருவிழிப்படலமும் சந்திக்கும் பரப்பில் ஒளி வளைவதால் கிடைக்கிறது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், நீருக்கும் அந்தப் படலத்துக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், முகக்கண்ணாடி அணியாமல் மூழ்குபவருக்கு எல்லாம் கலங்கித் தெரிகிறது. தெளிந்த கடலிலும் சிவப்பு நிறம் முதல் பத்து மீட்டருக்குள் பெரும்பாலும் மறைந்துவிடுவதால், அந்த ஆழத்தில் காயத்திலிருந்து கசியும் இரத்தம் பச்சை கலந்த கருமையாகத் தெரியும். நில மீட்பும் தூர்வாரலும் வண்டலைக் கிளறிவிடும் சிங்கப்பூர்க் கடலில், புலாவ் ஹந்து தீவின் அருகே மூழ்குபவர்களுக்குப் பல நாட்களில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் புலப்படுவதில்லை. தொலைவில் வரும் பகைவனைக் கண்டு நெஞ்சு பதறும் காட்சியை அங்கே எழுத முடியாது.

ஒலியின் நிலை இன்னும் வியப்பானது. காற்றில் வலப்பக்கத்திலிருந்து வரும் ஓசை இடக்காதை அடைய அதிகபட்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாகிறது. அந்த நுண்ணிய இடைவெளியைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. நீரிலோ ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர், அதாவது காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பாய்வதால், அந்த இடைவெளி கால் பங்குக்கும் கீழே சுருங்குகிறது. போதாக்குறைக்கு, ஒலி மண்டையோட்டின் வழியாகவே இரு உட்காதுகளையும் எட்டிவிடுவதால், ஓசை எல்லாப் பக்கமிருந்தும் வருவதாகத் தோன்றுகிறது. முதுகுக்குப் பின்னால் கேட்கும் காலடியோசையால் வீரரை எச்சரிக்கும் விளையாட்டு உத்தி இங்கே பலிக்காது.

கடலடியை அமைதியான இடமாகக் காட்டுவதும் சரியன்று. நீர்ப்பரப்பு மேலிருந்து வரும் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுவதால்தான் மூழ்கியவுடன் கரையின் சத்தம் மங்குகிறது. உள்ளே, சிங்கப்பூரின் ஆழமற்ற நீரில், சொடுக்கு இறால்களின் படபடப்பு இடைவிடாமல் கேட்கும். இந்த இறால் தன் பெரிய கொடுக்கை வெடுக்கென மூடும்போது பீறிடும் நீர்த்தாரையில் ஒரு குமிழி உருவாகிறது. அக்குமிழி நொறுங்கும்போதுதான் அந்த வெடிப்பொலி எழுகிறது. எத்தனையோ விளையாட்டுகள் மந்தமான இரைச்சலைப் போட்டு நிரப்பும் இடத்தில், உண்மையான கடல் இவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பது எனக்குப் பெரும் ஆதங்கம்.

உரையாடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வாயில் சுவாசக் குழாயைக் கவ்வியிருப்பவரால் பேச இயலாது, முகக்கண்ணாடி முகபாவத்தையும் மறைத்துவிடும்.

விளையாட்டு வடிவமைப்பாளருக்குப் பெரிய இழப்பு, தரைதான். சுவர், கதவு, படிக்கட்டு, பதுங்குமிடம் ஆகியவையெல்லாம் புவியீர்ப்பால் தரையில் ஊன்றி நிற்கும் உடலுக்கானவை. மிதக்கும் உடல் சுவரின் மேலாகவே கடந்துவிடும். ஆபத்து காலுக்கடியிலிருந்தும் வரும். ஏறவும் இறங்கவும் தனிப் பொத்தான்கள் தேவைப்படும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஓடக்கூடிய மனிதனின் உச்ச நீச்சல் வேகம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் நீரின் இழுவிசை நான்கு மடங்காகிறது. ஆகவே துரத்தல் காட்சியை இயற்பியலுக்கு உண்மையாக அமைத்தால் ஆட்டம் தளரும். வேகத்தைக் கூட்டினாலோ வீரர் பறப்பது போலாகிவிடும். துரத்தலை விட்டுவிட்டு, தீரும் காற்றையும் கைக்கெட்டும் தூரத்துக்குள் மட்டுமே தெரியும் உலகையும் மையமாக்கும் ஆக்கங்களே இந்தச் சிக்கலிலிருந்து தப்புகின்றன.