மெடிக்கல் முடிந்தது, இன்சூரன்ஸ்?

வளைகுடா வேலைக்குக் கிளம்புகிறவரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும் பெரும்பாலும் வரும் பதில், "மெடிக்கல் எல்லாம் முடிச்சாச்சு சார்" என்பதுதான். அவர் சொல்வது விசாவுக்காக எடுத்த உடல்தகுதிப் பரிசோதனையை. ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும் பார்த்து 'ஃபிட்' என்று தரும் சான்று அது. அங்கே போய்ப் படுத்துவிட்டால் அதை வைத்து ஒரு ரூபாய் வாங்க முடியாது.

டிக்கெட்டோடு எடுக்கும் பயணக் காப்பீட்டிலும் இதே குழப்பம் உண்டு. திடீர் நோய், விபத்து, பெட்டி தொலைவது போன்றவற்றுக்கு, குறித்த நாட்களுக்கு மட்டும் அது கைகொடுக்கும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தவிர ஏற்பதில்லை. ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு அது தேவைப்படுகிறது. துபாயில் வேலை அனுமதியோடு இறங்கிய நாளுக்கும் ரெசிடென்ஸ் விசா கைக்கு வரும் நாளுக்கும் இடையில் மருத்துவச் சோதனை, எமிரேட்ஸ் ஐடி, இன்சூரன்ஸ் என்று வரிசையாக வேலை இருக்கிறது. கம்பெனி காப்பீடு அந்த இடைவெளியில் இன்னும் தொடங்காமல் இருக்கலாம். அதனால் பயணக் காப்பீட்டை மதுரையில் விமானம் ஏறுமுன்பே, குறைந்தது 2 மாதத்துக்கு எடுத்துவிடுங்கள். போன பிறகு வாங்கலாம் என்றால் இங்குள்ள கம்பெனிகள் பொதுவாகத் தருவதில்லை.

பத்தாவது தேறாதவர் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் இந்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். பிரீமியம் 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் வந்தாலோ 10 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரைதான். அங்கே பெரிய அறுவை சிகிச்சை என்றால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஏஜென்ட் இதைக் காட்டி "இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று சொன்னால், முதலாளி தரும் காப்பீடு எங்கே என்று தனியாகக் கேளுங்கள். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

துபாயிலும் அபுதாபியிலும் பல ஆண்டுகளாகவே முதலாளிதான் காப்பீடு போட வேண்டும். ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா போன்ற வடக்கு எமிரேட்டுகளுக்கு இது 2025 ஜனவரி 1 முதல் வந்தது. அங்கே அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 320 திர்ஹாம். அதில் படுத்துச் சிகிச்சை எடுத்தால் 20 சதவீதமும், வெளிநோயாளியாகப் பார்த்தால் 25 சதவீதமும், ஓர் உச்சவரம்புக்குள் நாம் கட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகளை அழைத்துப் போகிறவர் துபாயில் அவர்களுக்கான காப்பீட்டைத் தானே எடுக்க வேண்டும். சம்பளக் கணக்குப் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் (தொழிலாளருக்கும் நடுத்தரத் திறன் ஊழியருக்கும் தரும் வேலை அனுமதிகள்) ஊழியருக்கு 2023 ஜூலை 1 முதல் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். முன்பு அது 15,000 ஆக இருந்தது. மருத்துவமனையில் சேர்வதும் ஒருநாள் அறுவை சிகிச்சையும்தான் இதில் அடங்கும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகும் இன்ஜினியருக்கோ இந்தக் கட்டாயம் கிடையாது. பெரிய சம்பளம், பெரிய கம்பெனி என்று கேட்காமலே போகிறவர்கள் இவர்கள்தான். வெளிநாட்டவருக்கு அங்கே அரசு மருத்துவமனையிலும் மானியம் இல்லை. சம்பளப் பேச்சின்போதே குடும்பத்துக்கும் சேர்த்துக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பிரிட்டன் கணக்கு வேறு மாதிரி. அங்குள்ள அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்த விசா விண்ணப்பத்தோடே சுகாதாரக் கட்டணம் கட்டுகிறோம்: மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட், மற்ற பெரியவர்களுக்கு 1,035. முழு விசாக் காலத்துக்கும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகும் நர்ஸ்களுக்கு இது கிடையாது. யாராவது உங்களிடம் கேட்டால் கட்ட வேண்டாம். போனவுடன் வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

முதலாளியிடமோ ஏஜென்டிடமோ கேட்க வேண்டியதைச் சுருக்கமாக வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: "அண்ணே, இன்சூரன்ஸ் எந்தத் தேதியில இருந்து? கார்டு என் பேர்ல வருமா? எந்த ஆஸ்பத்திரியில எடுக்கும்? சுகருக்கு கவர் தொடங்க எத்தனை மாசம் காத்திருக்கணும்?" வாய்ப்பேச்சில் "எல்லாம் இருக்கு தம்பி" என்று முடிந்தால் பின்னால் பிடிக்க எதுவும் இருக்காது.

இங்குள்ள பாலிசியை நிறுத்துவதுதான் எங்கள் கண்ணில் அதிகம் படும் தவறு. "அங்கேதான் கம்பெனி கொடுக்குதே" என்று புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வேலை போய், உடம்பு முடியாமல் ஊர் திரும்பும்போது புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்குக் காத்திருப்பு 3 ஆண்டு வரை மறுபடி முதலிலிருந்து ஓடும். அதற்குள் வயதும் ஏறி, பிரீமியமும் ஏறியிருக்கும். இங்கே கம்பெனி குரூப் பாலிசியில் இருந்தவர் ராஜினாமா கடிதம் கொடுக்கும்போதே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசியாக மாற்றிக் கேட்க வேண்டும். காத்திருந்த காலம் வீணாகாது. அப்பா அம்மா உங்கள் பாலிசியில் இருந்தால், ஏதாவது செய்யும் முன் அவர்கள் பெயரில் தொடர ஏற்பாடு செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அது கடல் தாண்டி வேலை செய்யாது.

மாத்திரை விஷயம் தனி. டிராமடால், கோடீன் கலந்த வலி மருந்துகள் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியின்றிக் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். தினசரி மாத்திரைகளுக்கு, மருந்தின் பிராண்ட் பெயரோடு மூலப்பெயரும் (ஜெனரிக் பெயர்) அளவும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த சீட்டை உங்கள் டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். அங்கே காப்பீட்டுப் படிவத்தில் நோயைக் கேட்கும் கட்டத்தில் இந்தச் சீட்டில் உள்ளதையே எழுதுங்கள். சர்க்கரையை மறைத்தவருடைய கிளெய்ம், ரத்த அறிக்கை வந்த அன்றே நின்றுவிடும்.