பொறி பறக்காத கொசு மட்டை

வீட்டில் கொசு மட்டை இருந்தால் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள், பட்டனை மட்டும் அழுத்தாமல். மூன்று அடுக்கு வலை இருக்கும், வெளியே இரண்டு, நடுவில் ஒன்று. நடு வலைக்கும் வெளி வலைகளுக்கும் இடையே ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட். கொசு உள்ளே புகுந்ததும் பட்டென்று ஒரு பொறி, கருகிய வாசனை, ராத்திரி பதினொரு மணிக்கு நமக்கு ஒரு சின்ன வெற்றி. இப்போது இதே மூன்றடுக்கை வைத்துக்கொண்டு, நடு வலைக்குப் பதிலாகத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டி, காற்றை வெளியேற்றி ஆர்கான் வாயுவை நிரப்பி, பொறி பறக்கும் அளவுக்குச் சற்றுக் கீழேயே மின்னழுத்தத்தை நிறுத்திவையுங்கள். ஒற்றைப் புரோட்டானோ மியூவானோ (எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரத் துகள்) அந்த வழியாகப் போனால், போனதையும் எந்தக் கம்பியின் பக்கத்தில் போனது என்பதையும் இந்தப் பெட்டி சொல்லிவிடும்.

1968இல் ஜெனீவாவை ஒட்டிய செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கம்பி அறையைச் செய்துகாட்டியவர் ஜார்ஜ் ஷார்பாக். (கொசு மட்டை ஒப்புமை என்னுடையது, அவரைக் குறை சொல்லாதீர்கள்.) முதல் பெட்டி பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்காக 1992இல் நோபல் பரிசு, யாரோடும் பங்கு போடாமல் அவருக்கு மட்டும்.

கருவி செய்ததற்கா நோபல் என்று கேட்பவர்கள் அதற்கு முந்தைய நிலைமையைப் பார்க்க வேண்டும். 1952இல் டொனால்ட் கிளேசர் கண்டுபிடித்த குமிழி அறைதான் அப்போது ராஜா. கொதிநிலையை ஒட்டி வைத்திருக்கும் திரவத்தின் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், துகள் போன பாதை நெடுகக் குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பும், அதைப் புகைப்படம் எடுப்பார்கள். படம் அவ்வளவு அழகு. ஆனால் நொடிக்கு ஒன்றோ இரண்டோ படம்தான் எடுக்க முடியும், அப்புறம் ஒவ்வொரு படத்தையும் ஒரு மனிதர் மேசையில் விரித்துக் கண்ணால் அலச வேண்டும். செர்னின் பெரிய குமிழி அறை ஒன்று 1984இல் ஓய்வுபெறும்போது எடுத்து முடித்திருந்த படங்கள் 63 லட்சம்! இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. நாம் தேடும் நிகழ்வு பத்து லட்சம் மோதலில் ஒருமுறைதான் வருகிறது என்றால், நொடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு எத்தனை வருஷம் காத்திருப்பது?

மறுபக்கம் கைகர் எண்ணி இருந்தது. ஒரு குழாய், நடுவில் ஒரே ஒரு கம்பி. துகள் வந்தால் டக்கென்று ஒலிக்கும், வேகமாகவும் எண்ணும், ஆனால் துகள் குழாய்க்குள் எங்கே வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. வேகம் வேண்டுமா, இடம் தெரிய வேண்டுமா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

ஷார்பாக் அங்கே வந்துசேர்ந்த வழி சாதாரணமானதில்லை. 1924இல் அன்றைய போலந்தில், இன்று உக்ரைனில் இருக்கும் ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதுவாக்கில் குடும்பம் பாரிசுக்குப் பெயர்ந்தது. போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, 1943இல் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசிடம் பிடிபட்டு, 1944இல் டாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரைப் போலந்துக்காரர், பயங்கரவாதி என்று மட்டுமே கணக்கில் வைத்திருந்தார்கள், யூதர் என்பது தெரியவில்லை. அது என் அதிர்ஷ்டம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். போர் முடிந்ததும் பாரிசில் சுரங்கப் பொறியியல் கல்லூரி, பிறகு அணு இயற்பியலர் ஃபிரெடரிக் ஜோலியோ கியூரியின் ஆய்வகம். 1959இல் அமெரிக்க இயற்பியலர் லியோன் லெடர்மேன் அவரைச் செர்னுக்கு அழைத்துவந்தார். முதலில் மியூவானின் காந்தப் பண்பை அளக்கும் சோதனையில் வேலை. ஆனால் மனசு கருவிகள் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது.

சரி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மின்னூட்டம் உள்ள துகள் வாயு வழியாகப் பாயும்போது போகிற போக்கில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகும். ஆர்கானில் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குச் சுமார் நூறு எலக்ட்ரான் உதிரும். நூறு எலக்ட்ரான் என்பது ஒன்றுமே இல்லை, எந்தப் பெருக்கியும் (அதாவது ஆம்ப்ளிஃபையரும்) அதைத் தன் சொந்த இரைச்சலிலிருந்து பிரித்துப் பார்க்காது. ஆகவே வாயுவையே பெருக்கியாக்கிவிட வேண்டும், கம்பி மெல்லியதாக இருப்பது இதற்குத்தான். கம்பியை நெருங்க நெருங்க மின்புலம் தாறுமாறாக ஏறும், தூரம் பாதியானால் புலம் இரட்டிப்பாகும். கம்பியின் விட்டம் 20 மைக்ரான், நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, ஆகவே கடைசிச் சில பத்து மைக்ரான் தூரத்தில் புலம் கொடூரமாகிவிடுகிறது. அதுவரை சாவகாசமாக மிதந்து வந்த எலக்ட்ரான் அங்கே வேகம் பிடித்து எதிரே வரும் அணுவை மோதி இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, கம்பியைத் தொடுவதற்குள் ஒன்று பல்லாயிரம், சில சமயம் லட்சம் ஆகிவிடும். நூறு எலக்ட்ரான் கோடியைத் தொடும்போது பெருக்கிக்குக் காது கேட்கிறது.

வெறும் ஆர்கானில் ஒரு சிக்கல் உண்டு. கிளர்ந்த ஆர்கான் அணுக்கள் புற ஊதா ஒளியை உமிழும், அந்த ஒளி எதிர்மின்வாயில், அதாவது வெளி வலைகளில் பட்டு அங்கிருந்து புதிய எலக்ட்ரான்களைக் கிளப்பும், அவையும் கம்பிக்கு ஓடிவந்து பெருகும், அப்புறம் நிற்கவே நிற்காது, நிஜமாகவே கொசு மட்டை ஆகிவிடும். அதனால் ஐசோபியூட்டேன் போன்ற ஒரு வாயுவைக் கலக்கிறார்கள், அது அந்த ஒளியை விழுங்கிக்கொள்கிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. நாளாவட்டத்தில் அந்தக் கரிமப் பொருள் சிதைந்து கம்பியில் பிசின் மாதிரி படியும், அடுக்களைப் புகைபோக்கியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவதுபோல.

இதுவரை சொன்னது கைகர் காலத்திலிருந்தே தெரிந்த சமாச்சாரம். ஒரு கம்பி வேலை செய்கிறதென்றால் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக நூறு கம்பி கட்டுவதுதானே, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு? யாரும் செய்யாததற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் நியாயமாகவும் பட்டது. இவ்வளவு நெருக்கமாக இருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று மின்தேக்கிகளைப்போல இணைந்திருக்கும். ஒன்றில் துடிப்பு வந்தால் பக்கத்துக் கம்பிகளிலும் அதே துடிப்பு கசியும். தெருவில் ஒரு நாய் குரைத்தால் எல்லா நாயும் குரைப்பதுபோல, எந்த நாய் ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது.

ஷார்பாக்கின் புத்தி வேலை செய்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். அந்தத் துடிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று அவர் யோசித்தார். எலக்ட்ரான்கள் கம்பியில் வந்து விழுவதால்தான் துடிப்பு என்று நாம் சட்டென்று நினைத்துவிடுவோம். ஆனால் அவை கம்பிக்கு மிக அருகில் பிறந்தவை, இரண்டடி எடுத்துவைப்பதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது, அவற்றின் பங்கு சொற்பம். துடிப்பின் பெரும்பகுதி, எலக்ட்ரானை இழந்த நேர்மின் அயனிகள் கம்பியைவிட்டு விலகிப் போவதால் வருகிறது. நகரும் மின்னூட்டம் தொடாமலேயே சுற்றியுள்ள உலோகங்களில் துடிப்பைத் தூண்டும். அயனிகள் எந்தக் கம்பியை விட்டு விலகுகின்றனவோ அதில் எதிர்த் துடிப்பு (நெகட்டிவ்) வரும். பக்கத்துக் கம்பிகள் பார்வையில் அதே அயனிகள் நெருங்கி வருகின்றன, ஆகவே அவற்றில் நேர்த் துடிப்பு வரும். கசிந்து வரும் எதிர்த் துடிப்பை இந்த நேர்த் துடிப்பு அடித்துத் தள்ளிவிடுகிறது. எதிர்த் துடிப்பை மட்டும் ஏற்கும்படி மின்சுற்றை அமைத்துவிட்டால் குரைத்த நாய் எது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். எல்லோரும் பயந்த கசிவை இயற்கையே சரிசெய்து வைத்திருந்தது, போய்ப் பார்த்தவர் இவர். நூறு கம்பி நூறு தனித்தனிக் கைகர் குழாய்களைப்போல நடந்துகொண்டன.

காலமும் கைகொடுத்தது. கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கி வேண்டும், பத்து வருஷம் முன்பு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 1968வாக்கில் டிரான்சிஸ்டர் மலிந்துகொண்டிருந்தது. சில வருஷங்களுக்குள் செர்னில் ஒரே ஒரு சோதனைக்கு ஏறக்குறைய 70,000 கம்பிகள் என்ற நிலை வந்துவிட்டது. துடிப்புகள் நேராகக் கணினிக்குப் போயின, படம் அலசும் மேசைகள் காலியாகத் தொடங்கின. எண்ணும் வேகம் பழைய முறைகளைவிட ஆயிரம் மடங்கு என்பது நோபல் குழு சொன்ன கணக்கு.

கம்பி கட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போனால் மனசு கேட்காது, ஏனென்றால் பாதிக் கருவி அதில்தான் இருக்கிறது. தறியில் பாவு ஓட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு உடனே புரியும். ஒரு சட்டம், அதன் இரு விளிம்பிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஈயப் பற்றுப் புள்ளிகள், அவற்றுக்கு இடையே தங்க முலாம் பூசிய டங்ஸ்டன் கம்பி. ஒவ்வொன்றையும் ஐம்பது, அறுபது கிராம் எடை தொங்கினால் எவ்வளவு விறைப்போ அவ்வளவு விறைப்பில் பிடித்துப் பற்றவைக்க வேண்டும். கூட இழுத்தால் அறுந்துவிடும். குறைவாக இழுத்தால் இன்னும் வேடிக்கை. கம்பிகள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும், நீளம் ஒரு மீட்டரை நெருங்கும்போது ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோணல்மாணலாக விலகிவிடும், நடுவில் முட்டுக் கொடுத்தாக வேண்டும். கம்பியில் ஒரு தூசி, பற்றவைத்த இடத்தில் ஒரு கூர்முனை இருந்தால் போதும், அங்கே பொறி கிளம்பும். அறுந்த ஒரே ஒரு கம்பி சுருண்டு விழுந்து முழுத் தளத்தையும் குறுக்கிணைத்துவிடும் (ஷார்ட் சர்க்யூட்). 1968 கட்டுரையில் ஷார்பாக்கின் பெயருக்குப் பக்கத்தில் அவரோடு நெடுங்காலம் உழைத்த தொழில்நுட்பர் ரோஜே புக்லியேவின் பெயரும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.

இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் இடத்தைத் தோராயமாக அரை மில்லிமீட்டருக்குச் சொல்லலாம். அதற்கும் நுட்பமாக வேண்டுமென்றால் கம்பியை நெருக்கிக்கொண்டே போக முடியாது, விலக்கு விசை விடாது. ஷார்பாக் குழுவும் ஜெர்மனியில் வேறு சிலரும் எதிர்த்திசையில் போனார்கள்: கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, எலக்ட்ரான் கம்பிக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். வாயுவில் எலக்ட்ரான் ஒரு மைக்ரோ நொடிக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது. மின்னல் கண்டு இடி கேட்கும் வரை எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வோமே, அதேதான். இந்த நகர்வு அறைகளில் துல்லியம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது, கம்பிகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1974இல் சாமுவேல் டிங் குழு, குவார்க் என்ற அடிப்படைத் துகளில் ஒரு வகையான சார்ம் குவார்க் இருப்பதைக் காட்டிக்கொடுத்த துகளைப் பிடிக்கக் கம்பி அறைகளைப் பயன்படுத்தியது. 1983இல் செர்னில் அணுக்கருவின் வலுக்குறைந்த விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் போசான்கள் அகப்பட்டபோது ஒரு சோதனையின் நடுவே இருந்தது ஆறு மீட்டர் நீளமுள்ள நகர்வு அறை. அந்த இரண்டுக்கும் நோபல் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது, கண் கொடுத்தவரின் முறை 1992இல்தான் வந்தது. அப்போது அவருக்கு 68 வயது.

அவர் கவனம் மருத்துவத்துக்கும் திரும்பியிருந்தது. முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு வளரும் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு உடம்பில் ஏறும். வாயு அறை எக்ஸ்ரே துளிகளை ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பதிவுசெய்வதால் குறைந்த கதிர்வீச்சிலேயே படம் தேறும். இந்த வழியில் உருவான ஈஓஎஸ் என்ற கருவி பிள்ளையை நிற்கவைத்தே தலை முதல் பாதம் வரை முன்னிருந்தும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் படம் எடுக்கிறது.

எழுபதைத் தாண்டியும் மனுஷன் ஓயவில்லை. 1996இல் யானிஸ் ஜியோமட்டாரிஸ் முதலானோருடன் சேர்ந்து கம்பியே இல்லாத ஒரு கருவியை வெளியிட்டார், பெயர் மைக்ரோமெகாஸ். மெல்லிய உலோக வலை, அதற்கும் அடித்தட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி, பெருக்கம் முழுவதும் அந்தச் சந்துக்குள் நடந்துவிடும். அயனிகள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை என்பதால் துகள்களின் நெரிசலை இன்னும் நன்றாகத் தாங்கும்.

2010 செப்டம்பரில் பாரிசில் அவர் இறந்தார். செர்னின் அட்லஸ் என்ற பிரம்மாண்டத் துகள் கண்டறியும் கருவியில் 2021இல் பத்து மீட்டர் அளவுக்கு விட்டமுள்ள இரண்டு புதிய சக்கரங்களைப் பொருத்தினார்கள், மியூவான்களைப் பிடிக்க. அந்தச் சக்கரங்களில் மைக்ரோமெகாஸ் தட்டுகள் இருக்கின்றன, அவற்றை ஒட்டியே இன்னொரு வகை அறையும் இருக்கிறது. அதற்குள் தங்க முலாம் பூசிய டங்ஸ்டன் கம்பிகள்.