டைனமோ: சொல்லும் மாஸ்கோ அணியும்

அப்பாவின் சைக்கிளில் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு டைனமோ இருந்தது. சின்னப் புட்டி மாதிரி உடல், தலையில் வரிவரியாக வெட்டிய உருளை. பொழுது சாய்ந்ததும் விரலால் ஒரு தட்டு தட்டினால் உருளை டயரில் போய் ஒட்டிக்கொள்ளும். மிதிக்கும் கால் கனக்கும். ர்ர்ர் என்ற முனகலோடு முன்விளக்கு மஞ்சளாக எரியும். மேட்டில் வெளிச்சம் மங்கும், இறக்கத்தில் பளீரென்று அடிக்கும், சைக்கிள் நின்றால் இருட்டு. நம்மில் பலருக்கு டைனமோ என்றால் இதுதான். மாஸ்கோவில் அதே சொல்லைச் சொன்னால் நீலமும் வெள்ளையும் கலந்த சட்டை ஞாபகத்துக்கு வரும், மார்பில் சாய்வாக எழுதிய ஒற்றை ரஷ்ய எழுத்தோடு. அந்தப் பெயரில் ஒரு ஐஸ் ஹாக்கி அணி 1946 முதல் ஆடிவருகிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'டைனமிஸ்' என்றால் ஆற்றல். முடிதல், இயலுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த பெயர் அது. தமிழிலும் கதை ஏறக்குறைய இதேதான்: 'ஆற்று' என்ற வினையிலிருந்துதான் 'ஆற்றல்' வந்தது. செய்ய முடிவதே ஆற்றல் என்று இரு மொழிகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த இடம் இது.

வேர் பழையது, பொறியின் பெயர் புதியது. வெர்னர் சீமன்ஸ் 1867இல் பெர்லினில் தன் பொறியை அறிவித்தபோது அதை 'டைனமோ மின்பொறி' என்ற பொருள்பட அழைத்தார். அதற்கு முன்பு மின்சாரம் ஆக்கும் பொறிகளில் நிலைக்காந்தம் இருக்கும். சீமன்ஸ் அதைத் தூக்கிவிட்டார். இரும்பில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் துளிக் காந்தமே தொடங்கிவைக்கப் போதும். சுற்றச் சுற்றப் பிறக்கும் மின்சாரமே அந்தக் காந்தத்தை வலுப்படுத்தும், வலுப்பட்ட காந்தம் இன்னும் அதிக மின்சாரம் தரும். தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளும் பொறி. இங்கிலாந்திலும் அதே சமயத்தில் சிலர் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆல்ஃபிரெட் நோபல் தன் வெடிமருந்துக்கு அதே வேரிலிருந்து 'டைனமைட்' என்று பெயர் வைத்துக் காப்புரிமை வாங்கியதும் அதே 1867இல்தான்.

ஆகவே கறாராகப் பார்த்தால் அப்பாவின் சைக்கிளில் இருந்தது டைனமோவே இல்லை. அதற்குள் சுழல்வது நிலைக்காந்தம். வருவது மாறுதிசை மின்னோட்டம். பொறியாளர்கள் டைனமோ என்பது நேர்த்திசை மின்னோட்டம் தரும் பொறியை. ஆனால் மக்கள் நாவில் சொல் இடம் மாறிவிட்டது, இனி அதைத் திருத்தப் போவதில்லை.

இந்தப் பொறியின் பெயர் ஒரு விளையாட்டு அமைப்புக்கு வந்தது 1923 ஏப்ரல் 18 அன்று. புரட்சி முடிந்து ஆறாண்டுகூட ஆகவில்லை; மின்சாரம்தான் புதிய நாட்டின் கனவு. மாஸ்கோவில் டைனமோ என்ற பெயரில் ஒரு மின்பொறி ஆலையும் இருந்தது. சோவியத் ரகசியக் காவல்துறையின் தலைவர் ஜெர்ஜின்ஸ்கியின் ஆதரவில், அத்துறையினருக்காக உருவானது இந்த அமைப்பு. அந்தக் கறையை மறைக்கக் கூடாது. பிறகு கீவ், மின்ஸ்க், ரிகா, திபிலீசி, பெர்லின் என்று பல ஊர்களில் அதே பெயரில் அணிகள் முளைத்தன. 'ஆற்றல் அசைவில் இருக்கிறது' என்பது மாஸ்கோ அமைப்பின் முழக்கம். சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஹாக்கிக்கு வருவோம். ரஷ்யர்கள் அதுவரை பனியில் ஆடியது பந்து ஹாக்கி. கனடா முறை ஆட்டத்துக்கான முதல் சோவியத் போட்டித்தொடர் 1946 டிசம்பர் 22 அன்று தொடங்கியது. தொடரின் முடிவில் டைனமோ, ராணுவ அணி, ஸ்பார்டக் மூன்றும் சம புள்ளிகளில் நிற்க, கோல் விகிதத்தில் டைனமோ முதல் சாம்பியன் ஆனது. அந்த அணியின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ஆர்க்காடி செர்னிஷோவ் பிறகு தேசிய அணியையும் நடத்தினார். 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்கள்.

இங்கே இன்னொரு சொல்லைச் சொல்லாமல் போக மனமில்லை. ஆட்டத்தில் அடிபடும் கறுப்பு ரப்பர் வில்லையை ரஷ்யர்கள் 'ஷைபா' என்கிறார்கள். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே போடும் வாஷருக்கும் அதே பெயர். ஜெர்மன் மொழியில் வட்டத் தகட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கோல் வேண்டும் என்று கூட்டம் கத்துவதும் 'ஷைபு! ஷைபு!' என்றுதான். ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம், இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பு. இதற்குத் தமிழில் 'வட்டு' என்ற சொல் காத்துக்கொண்டிருக்கிறது. வட்டெறிதல் எல்லாருக்கும் தெரியும். பாண்டி ஆடும் பிள்ளைகள் கட்டத்துக்குள் எறிவதையும் வட்டு என்றே சொல்கிறோம்.

டைனமோவுக்கு 1954இல் மீண்டும் பட்டம் கிடைத்தது. அடுத்த பட்டத்துக்கு 36 ஆண்டுகள். நடுவே ராணுவ அணி 1977 முதல் 1989 வரை பதின்மூன்று முறை தொடர்ந்து வென்றது. அந்த வறட்சியில் சிக்கியவர் அலெக்சாண்டர் மால்த்செவ். 1967 முதல் 1984 வரை டைனமோவுக்கே ஆடினார். தேசிய அணியோடு ஒன்பது முறை உலக சாம்பியன், இரண்டு ஒலிம்பிக் தங்கம். தன் அணிக்காக ஒரு தேசியப் பட்டம்கூட அவர் கையில் ஏறவில்லை. டைனமோவின் சாதனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இவரை முதலில் வைக்க வேண்டும் என்பேன்.

1990இல் பூட்டு உடைந்தது. அந்த ஆண்டு தொடங்கி நான்கு பருவங்கள் வரிசையாகப் பட்டம். அதில் 1991-92 பருவம் தொடங்கியபோது சோவியத் ஒன்றியம் இருந்தது, முடிந்தபோது இல்லை. பிறகு 1995, 2000, 2005. கடைசியாகச் சொன்ன அணியில் ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் அலெக்சாண்டர் ஒவேச்கின். 2025 ஏப்ரலில் வட அமெரிக்காவின் என்.எச்.எல். தொடரில் தன் 895ஆவது கோலை அடித்து, கனடா வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் கோல் சாதனையை முறியடித்தவர். ஒலெக் ஸ்னாரோக் பயிற்சியில் 2012, 2013 இரண்டிலும் ககாரின் கோப்பை, அதாவது இன்றைய ரஷ்ய உயர்நிலைத் தொடரான கே.எச்.எல்.-இன் கோப்பை, டைனமோவுக்கு வந்தது. முதல் முறை ஓம்ஸ்க் நகரின் அவங்கார்டிடம் 1-3 என்று பின்தங்கி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று எடுத்த கோப்பை அது.

இனி தமிழ்ச் சொல். மின்சாரம் ஆக்கும் பொறி எதற்கும் 'மின்னாக்கி' பொருந்தும். இலங்கையில் 'மின்பிறப்பாக்கி' என்பார்கள். சீமன்ஸின் பொறியைத் தனித்துச் சொல்ல 'நேர்த்திசை மின்னாக்கி' போதும். ஒலிபெயர்ப்புதான் வேண்டுமென்றால் இலங்கைப் பாடநூல்களின் 'தைனமோ' நம் டைனமோவைவிட மேல். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அணியின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். 'மாஸ்கோ மின்னாக்கி' என்று எழுதினால் எந்த அணி என்றே தெரியாமல் போகும். ரஷ்யர் நாவுக்கு நெருக்கமாகத் 'தினாமோ' என்று எழுதலாம், தமிழ் மரபுக்கும் அது ஒத்துவருகிறது.

ஓய்வில்லாமல் ஓடும் ஆட்டக்காரரை 'டைனமோ போல ஆடினார்' என்று விளையாட்டுச் செய்திகளில் எழுதுகிறார்களே, அந்த இடத்துக்கு நமக்குப் 'பம்பரம்' உண்டு. சுற்றும் வரை நிற்கும், சுற்று நின்றால் சாயும். 'ஒவேச்கின் பம்பரமாய்ச் சுழன்று வட்டை வலைக்குள் தள்ளினார்' என்று எழுதிப் பாருங்கள், ஒரு சொல்கூட இரவல் இல்லை.