ஈர்க்கப்பட்டது யார்?

மும்பை சயானில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பேர் சேர்ந்து ஒரு திருட்டுப் படம் பார்த்தோம். திருடிய படம் அல்ல, திருட்டைப் பற்றிய படம். சந்தா கட்டித்தான் பார்த்தோம். எங்கோ வெளிநாட்டில் நடந்த வைரக் களவு, தமிழ் ஒலிமாற்றத்தோடு. விளக்கை அணைத்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அந்த வரி வந்தது: ‘உண்மைச் சம்பவங்களால் ஈர்க்கப்பட்டது.’

எது ஈர்க்கப்பட்டது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். “பேசாமல் பாரடா” என்றாள் அக்கா. மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது அவ்வளவு எளிதல்ல.

ஆங்கிலத்தில் இருப்பது ‘இன்ஸ்பயர்டு’. லத்தீனில் அதன் வேர், உள்ளே மூச்சை ஊதுவது. தெய்வம் மனிதனுக்குள் ஊதியது. பிறகு கலைமகள் கவிஞனுக்குள் ஊதினாள். இப்போது பத்திரிகைச் செய்தி இயக்குநருக்குள் ஊதுகிறது. சொல்லின் வரலாறு அவ்வளவுதான். பழைய தமிழ் விவிலியம் இதை ‘தேவ ஆவியினால் அருளப்பட்டது’ என்று அழகாகச் சொன்னது. அதை இங்கே கொண்டுவர முடியாது. வைரத் திருட்டால் அருளப்பட்ட படம் என்றால் நன்றாகவா இருக்கும்?

என் சண்டை ‘ஈர்’ என்ற சொல்லோடு அல்ல. அது நல்ல பழைய சொல். இழுத்தல் என்பது ஒரு பொருள். ஈர்ப்பு விசை அதிலிருந்து வந்தது. அறுத்தல் இன்னொரு பொருள். ஈர்வாள் என்றால் ரம்பம். சில படங்களுக்கு இந்த இரண்டாம் பொருள் சரியாகவே பொருந்தும். ஆனால் இழுக்கப்படுவதற்கு ஒருவர் வேண்டும். காந்தத்தால் இரும்பு ஈர்க்கப்படும். பேச்சால் கூட்டம் ஈர்க்கப்படும். படம் எதனால் ஈர்க்கப்படும்? களவு நடந்த நாளில் படம் என்று ஒன்றே கிடையாது. இயக்குநர்தான் ஈர்க்கப்பட்டார் என்று வாதாடலாம். சரி, அதை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘இயக்குநர் ஒரு திருட்டால் ஈர்க்கப்பட்டார்.’ கேட்பவர் அடுத்து என்ன கேட்பார்? எந்தக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுதான்.

இதைவிடப் பெரிய குறை வேறு. அந்த வரி அங்கே இருப்பதற்கு ஒரே காரணம், நான் பார்க்கப்போவதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு புனைந்தது என்று எனக்குச் சொல்வது. ஆங்கிலத்தில் இரண்டு படிகள் வைத்திருக்கிறார்கள். ‘பேஸ்டு ஆன்’ என்றால் நடந்ததை ஒட்டியே போகிறோம் என்று பொருள். ‘இன்ஸ்பயர்டு பை’ என்றால் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டோம், மிச்சம் எங்கள் கைச்சரக்கு என்று பொருள். ‘ஈர்க்கப்பட்டது’ இதில் எந்தப் படியில் நிற்கிறது? எதிலும் இல்லை.

படம் முடிந்ததும் நடந்த சச்சரவு முழுவதும் இதனால்தான் வந்தது. படத்தில் திருட்டுக் கூட்டத் தலைவன் ஒரு பெண்ணுக்காகத் திரும்பி வந்தான் என்பது பொய் என்றாள் அக்கா. உண்மைச் சம்பவம் என்று போட்டிருக்கிறானே என்றான் மருமகன். அத்தான் அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். “நம் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்” என்று ஆரம்பித்தார்.

1987 மார்ச். அத்தான் அப்போது மும்பையின் ஓப்பரா ஹவுஸ் பகுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாதுகாப்புப் பணிக்குப் பட்டதாரிகள் தேவை என்று நாளிதழில் ஒரு விளம்பரம். பெரிய ஓட்டலில் நேர்காணல். தேறிய இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் தாங்கள் சி.பி.ஐ.யில் சேர்ந்துவிட்டதாகவே நம்பினார்கள். மறுநாள் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, ஓப்பரா ஹவுஸில் ஒரு பெரிய நகைக்கடைக்குச் சோதனை என்று அழைத்துப் போனான் ஒருவன். நகைகளைப் பைகளில் போட்டு முத்திரை வைத்தான். நீங்கள் இங்கேயே காவலிருங்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். இன்றுவரை பிடிபடவில்லை. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்.

இதைக் கருவாக வைத்து 2013இல் இந்தியிலும் 2018இல் தமிழிலும் படம் வந்தது. இந்திப் படத்தில் அந்தத் தலைவனுக்கு ஒரு காதலி உண்டு, கூட்டாளிகள் உண்டு, விடாமல் துரத்தும் ஓர் அதிகாரி உண்டு. “பிடிபடாதவன் யாரைக் காதலித்தான் என்று இவர்களுக்கு யார் சொன்னது?” என்றார் அத்தான். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. படம் அவருக்குப் பிடிக்கும். எனக்கு அந்தக் கேள்வியே வேண்டிய விளக்கமாக இருந்தது. ஒரு நாள் நடந்தது. மற்றதெல்லாம் அந்த நாளைச் சுற்றிக் கட்டியது. இந்த உறவுக்குத் தமிழில் சொல் இல்லையா?

நன்னூலே நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரித்துவைத்திருக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு முழுக்க ஒத்து, தான் வேண்டும் சில மாறுதல்களை மட்டும் சொல்வது வழிநூல். ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபடுவது சார்புநூல். படியை எவ்வளவு துல்லியமாக அளந்திருக்கிறார்கள்! ‘பேஸ்டு ஆன்’ வழி. ‘இன்ஸ்பயர்டு பை’ சார்பு. நூலுக்குச் சொன்னதை நிகழ்ச்சிக்குச் சொல்லலாமா என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். ஒரு படத்துக்கு நடந்த நிகழ்ச்சிதானே முதல்நூல்!

இவற்றைவிடப் பழகிய சொல் ‘தழுவல்’. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை ‘அமலாதித்யன்’ ஆக்கியபோது டென்மார்க் இளவரசன் தமிழ் மேடைக்கு வந்துவிட்டான். அதைத் தழுவல் என்கிறோம். தழுவுவது என்றால் அணைத்துக்கொள்வது. அணைத்துக்கொண்ட இருவரும் ஒருவராகிவிடுவதில்லை, விலகியும் போய்விடுவதில்லை. எனக்கு வேண்டியது சரியாக அந்த நெருக்கமும் அந்த இடைவெளியும்தான்.

‘உந்தப்பட்டது’, ‘தூண்டப்பட்டது’ என்றெல்லாம் போட்டிக்கு நிற்கின்றன. இவையும் அதே செயப்பாட்டு வினைகள்; இழுப்பதற்குப் பதில் தள்ளுகின்றன. தூண்டுதல் என்ற சொல்லைக் குற்றத்தின் பக்கத்தில் வைத்தால், குற்றத்துக்குத் தூண்டியவர் என்று சட்டம் வேறு குறுக்கே வருகிறது. இந்தியில் ‘பிரேரித்’ என்று போடுகிறார்கள். தமிழில் பிரேரணை என்றால் சபையில் கொண்டுவரும் தீர்மானம். மராத்திப் படங்களில் ‘ஆதாரித்’ என்று வரும். நமக்கு ஆதாரம் என்றால் நீதிமன்றத்தில் காட்டும் சான்று. அண்டை வீட்டுச் சொல் என்று எடுத்தால் இப்படித்தான் கையைச் சுடும்.

அந்த வரியின் முதல் பாதியையும் விட எனக்கு மனமில்லை. சம்பவம் என்றாலே நடந்தது. அதற்கு முன்னால் ‘உண்மை’ எதற்கு? பொய்ச் சம்பவம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? மும்பையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் குழப்பம். இந்தியில் ‘சம்பவ்’ என்றால் நடக்கக்கூடியது, ‘அசம்பவ்’ என்றால் நடக்கவே முடியாதது. மருமகனைக் கேட்டேன். “உண்மையாகவே சாத்தியமானது என்று அர்த்தம் போல, மாமா” என்றான். அவன்மேல் தவறில்லை.

ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “எனக்கு இந்தப் படம் வேலை செய்யவில்லை.” படம் எப்போது உனக்கு வேலைக்காரன் ஆனது என்று கேட்டேன். படம் ஒட்டவில்லை, மனதில் இறங்கவில்லை, எடுபடவில்லை என்று சொல்ல எத்தனை வழி இருக்கிறது! ‘இருக்கை நுனிக்கே கொண்டுவந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்களும் இந்தக் கூட்டம்தான். தமிழன் பரபரப்பில் நுனிக்கு நகர்வதில்லை. இமை கொட்டாமல் பார்ப்பான், வாயில் போட்ட கடலையை மெல்ல மறப்பான். ஒலிமாற்றத்துக்கு எழுதுகிறவர்கள் ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, அந்தந்த இடத்தில் தமிழை வைத்துப் பூசிவிடுகிறார்கள். கூலியும் நேரமும் குறைவு என்பது எனக்கும் தெரியும், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் தொடக்க அட்டையில் இருப்பது ஒரே ஒரு வரி. அதற்கு ஐந்து நிமிடம் கிடைக்காதா?

இட நெருக்கடி என்றும் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தேன். ‘உண்மைச் சம்பவங்களால் ஈர்க்கப்பட்டது’ 21 எழுத்து. ‘நடந்ததைத் தழுவிய கதை’ 12 எழுத்து. கதை என்று சொல்லிவிட்டதால் புனைவு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. நடந்தது என்பதால் வேர் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

இதை எல்லோர் முன்னாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். தாராவியிலிருந்து வந்திருந்த அத்தானின் நண்பர் ஒருவர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், அதுவரை வாயே திறக்கவில்லை. “தம்பி, எல்லாம் சரி. ஆனால் தழுவிய கதை என்று திரையில் போட்டால், கதாநாயகியைக் கட்டிப்பிடிக்கிற படம் என்று நினைத்துப் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிடுவார்கள்” என்றார். அக்கா சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்காக ‘நடந்ததைச் சார்ந்த கதை’ என்றும் எழுதிப் பார்த்தேன். அதுவும் 12 எழுத்துதான்.