வீட்டுப் பராமரிப்பில் முதலுதவி: பெட்டி வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

ராணிப்பேட்டையின் தோல் தொழிற்சாலைகளில், 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்தது. வேலூர்ப் பக்கம் காட்பாடி காந்தி நகரிலோ சத்துவாச்சாரியிலோ, பக்கவாதத்தால் படுத்திருக்கும் முதியவரை நாள் முழுவதும் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அப்படி எந்தக் கட்டாய ஏற்பாடும் இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. முதலுதவியிலும் நாம் அப்படியே பார்க்க வேண்டும் என்பது, வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியராகிய என் கருத்து. அந்த வீட்டில் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் இருவர். இருவருக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும்.

பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இங்கே வாழும் வீடுகளில் இப்போது வேலைக்கு வருபவர்களில் பலர் ஒடுகத்தூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்துப் பெண்கள். ஹோம் நர்ஸ் என்று அழைத்தாலும் இவர்களில் பெரும்பாலோர் செவிலியப் படிப்புப் படித்தவர்கள் அல்லர், அனுபவத்தில் தேர்ந்தவர்கள். ஆபத்து வேளையில் இவர்களுடைய கை தயங்குவதற்குத் தெரியாமையைவிட அச்சமே பெரிய காரணம் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தாத்தாவுக்குப் பேச்சு குழறினால் முதலில் மகனுக்குப் போன் செய்கிறார்கள். மகன் சித்தப்பாவைக் கேட்கிறார். சித்தப்பா தமக்குத் தெரிந்த டாக்டரைத் தேடுகிறார். அது பக்கவாதமாக இருந்தால், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தொய்ந்து விழுதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலே போதும்: 108ஐ அழைத்துவிட்டு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

ஆகவே, முதல் ஏற்பாடு ஒரு தாள். "அவசரம் என்று உங்களுக்குத் தோன்றினால் முதலில் 108ஐ அழையுங்கள், அதன் பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள், அழைத்தது தேவையற்றதாக முடிந்தாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டோம்" என்று குடும்பத்தார் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, போனுக்கு அருகில் ஒட்டி வைக்க வேண்டும். அதே தாளில் முழு முகவரியும் அடையாளமும் இருக்கட்டும். சத்துவாச்சாரியில் எண்ணிட்ட தெருக்கள் ஒன்றைப் போலவே ஒன்று இருப்பதால், அருகிலுள்ள கோயிலையோ தண்ணீர்த் தொட்டியையோ எழுதாவிட்டால் ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டிருக்கும். காட்பாடிப் பக்கத்திலிருந்து வேலூருக்குள் வரப் பாலாற்றைக் கடந்தாக வேண்டும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ ஊருக்குத் தெற்கே இருக்கிறது. எந்த நோய்க்கு எந்த மருத்துவமனை என்பதைப் பதற்றமில்லாத ஒரு நாளில் கேட்டறிந்து குறித்துக்கொள்வது நல்லது. இரவில் பூட்டும் கேட்டின் சாவி, கொஞ்சம் ரொக்கம், காப்பீட்டு அட்டையின் நகல், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகியவை ஒரே பையில் இருக்க வேண்டும். தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு எந்த அளவு சிகிச்சை என்பதையும் மருத்துவருடன் கலந்து பேசி எழுதி வைத்துவிடுங்கள். அந்த முடிவின் சுமையை வேலைக்கு வந்தவர் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

நான் அதிகம் வலியுறுத்துவது தாழ்சர்க்கரையை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதைத்தான். இன்சுலின் போட்டாகிவிட்டது, இட்லி வேண்டாம் என்று பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அரை மணி நேரம் கழித்து வியர்வை, நடுக்கம், எரிச்சலான பேச்சு. இதை வயதானவரின் பிடிவாதம் என்று நினைத்துவிட்டால் மயக்கத்தில் முடியும். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினாலும், கருவி கைக்கு எட்டாமல் அறிகுறிகள் மட்டும் தெரிந்தாலும், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் தந்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். சர்க்கரை போதாதா, குளுக்கோஸ் மாவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வோக்ளிபோஸ், அகார்போஸ் ஆகிய சர்க்கரை நோய் மருந்துகள் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை குடலில் மெதுவாகவே உடைவதால் வேண்டிய வேகத்தில் பலன் தராது, குளுக்கோஸே வேண்டும். நம் பக்கத்தில் இந்தக் கலவை மாத்திரைகள் பரவலாக எழுதப்படுவதால், எல்லா வீட்டிலும் குளுக்கோஸை வைத்துவிடச் சொல்கிறேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை, ஏறியபின் மீண்டும் இறங்கக்கூடும் என்பதால், தேறிவிட்டார் என்று விட்டுவிடாமல் மருத்துவமனையில் காட்ட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தேனோ தண்ணீரோ எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது, விழுதல். குளியலறையில் விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்துவது பாசத்தினால் செய்யும் பெரும் தீங்கு. ஒரு கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அசைக்காமல், போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதே உதவி. வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வலியில்லை, நன்றாகப் பேசுகிறார் என்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். மூளைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும். முறிவில்லை என்று தெரிந்த பின்னும் ஒருவராகத் தூக்கக் கூடாது. நாற்பது கிலோ எடையுள்ள பெண் எழுபது கிலோ எடையுள்ள தாத்தாவைத் தூக்கித் தன் முதுகை இழந்தால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவராவர். உதவிக்கு வரச் சம்மதித்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் எண்ணையும் தாளில் எழுதுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீப்புண்ணுக்கு ஓடும் குழாய் நீர் 20 நிமிடம். பற்பசை, மை, தோசை மாவு எதுவும் கூடாது. வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துவிட்டு நேரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் 108. உணவு செலுத்தும் மூக்குக்குழாய் கழன்றுவிட்டால் பயிற்சி இல்லாதவர் மறுபடி நுழைக்கக் கூடாது. மூச்சும் அசைவும் நின்றவருக்கு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். ஏர் பெட்டில் படுத்திருந்தால் முதலில் குழாயைப் பிடுங்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் மெத்தையோடு போய்விடும். இதைக் கட்டுரையில் படித்துக் கற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. கட்டணத்தை வீட்டார் ஏற்று, அந்த நாளையும் வேலை நாளாகவே கணக்கிட வேண்டும்.

வேலை செய்பவருக்கு நேரும் ஆபத்துகளில் இன்சுலின் ஊசி குத்திவிடுவது முக்கியமானது. காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், கூடுமானவரை முதல் சில மணி நேரத்திலேயே, தொடங்கப்பட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. வேலையில் சேரும்போதே தொடங்கிவிடலாம். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். கத்திரி வெயில் மாதத்தில் மாடியறையில் வேலை செய்பவருக்கும் தண்ணீரும் ஓய்வும் தேவை. அவருக்கே இரத்த அழுத்தம் இருக்கலாம், அவரும் மாத்திரை சாப்பிடலாம். அவர் பெயர், மருந்து, அவர் வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவையும் அதே தாளில் இருக்கட்டும். இதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

பெட்டியில் கையுறை, கிருமி நீக்கிய துணி, ரோலர் பேண்டேஜ், ஒட்டுப் பட்டை, கத்தரிக்கோல், வெப்பமானி, ஓ.ஆர்.எஸ்., எறும்பு ஏறாத டப்பாவில் குளுக்கோஸ், குளுக்கோமீட்டர், டார்ச் இருந்தால் போதும். பீரோவுக்குள் பூட்டவோ, ஈரமான குளியலறையிலோ வெயில் படும் சன்னலிலோ வைக்கவோ கூடாது. வேலூர் வெயிலில் குளுக்கோமீட்டர் பட்டைகள் கெட்டுப்போய்த் தவறான எண்ணைக் காட்டும். முன்பு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுக்குப் பெட்டியில் இடமில்லை.

பொங்கலுக்கு வழக்கமானவர் ஊருக்குப் போய், மாற்றாள் வரும் வாரத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் பயனற்றுப் போவதைப் பார்க்கிறேன். புதியவர் வந்த முதல் மணி நேரத்திலேயே தாளை வாய்விட்டுப் படிக்கச் செய்து, பெட்டியையும் கேட் சாவியையும் அவர் கையாலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இதை வீடியோ அழைப்பிலேயே செய்துவிடலாம்.